‘ஊர் வந்தாச்சு’ என்று நினைத்தால் உஷார்! 3 ஆயிரம் கி.மீ. ஓடிய லாரியில் கடைசி ராத்திரி

(நமது நிருபர்)

மகாராஜபுரம்,-

லூதியானாவில் ஏற்றிய லோடு. எட்டு நாள் ஓட்டம். பஞ்சாப், அரியானா, உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், மராட்டியம், தெலுங்கானா, ஆந்திரா, கர்நாடகம் என்று பாதி இந்தியாவைக் கடந்து வந்தாகிவிட்டது. வண்டியில் ஒரு கீறல் கிடையாது. நாக்பூர் பக்கம் ஒரு பஞ்சர், அவ்வளவுதான்.

அப்படி வந்த லாரி, மதுரை பைபாஸ் ரோட்டில் ராத்திரி 1.50 மணிக்கு நாலு நொடி ஆளில்லாமல் ஓடியது!

டிரைவர் ஸ்டீயரிங்கில்தான் இருந்தார். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் ஆள் அங்கே இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தவன் நான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

வத்திராயிருப்பு பக்கத்து டிரைவர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து கிருஷ்ணன்கோவில் போய், வத்திராயிருப்பு தாண்டினால் மகாராஜபுரம். மேற்கே சுவர் வைத்த மாதிரி மலை. சுற்றிலும் தென்னந்தோப்பு, நெல் வயல். அமாவாசைக்கு சதுரகிரி போகிற பக்தர்கள் இந்த வழியாகத்தான் தாணிப்பாறைக்குப் போவார்கள்.

இந்த ஊர்க்காரர் ஒருவர் 25 வருஷமாக லாரி ஓட்டுகிறார். வயது 48. “பேரைப் போட்றாதீங்க தம்பி, முதலாளி பார்த்தா அடுத்த டிரிப்புக்கு வண்டி தரமாட்டாரு” என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனவே பெயர் இல்லை. நாம் அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

24 நாளைக்கு முன்பு, சிவகாசியில் நோட்டுப் புத்தக லோடு ஏற்றிக்கொண்டு டெல்லிக்குப் போனார் அண்ணாச்சி. அங்கே இறக்கிவிட்டு, லூதியானா போய் சைக்கிள் சாமான் ஏற்றினார். அதைக் கொண்டுவந்து இறக்க வேண்டிய இடம் தூத்துக்குடி.

கூடவே கிளீனர். அண்ணாச்சியின் தங்கை மகன். வயது 20. ‘மாமா, மாமா’ என்று வாய் ஓயாமல் பேசுகிற பையன். லாரி ஓட்ட அவனுக்கு இன்னும் லைசென்ஸ் கிடையாது. ஆக, 3 ஆயிரம் கி.மீ.க்கும் ஒரே டிரைவர்.

இதில் இன்னொரு சங்கதி. லாரி தூத்துக்குடிக்கு வந்து சேரவேண்டிய அதே நாள் காலையில், ஊரில் அண்ணாச்சியின் பேரனுக்குக் காதுகுத்து. மகள் வயிற்று முதல் பேரன்!

கிருஷ்ணகிரியில் ஏறினேன்

வெகுதூரம் ஓடி வருகிற லாரிகள் விபத்தில் சிக்கிய செய்தியை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். அதில் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கோ வடக்கே கிளம்பி, காடு மலை எல்லாம் தாண்டி வந்த வண்டி, வந்து சேர 100, 150 கி.மீ. இருக்கும்போது கவிழ்ந்து கிடக்கும். அது ஏன்?

அதைப் பார்ப்பதற்காகவே சாயங்காலம் 4 மணிக்கு, கிருஷ்ணகிரியில் அந்த லாரியில் ஏறினேன்.

கேபினில் முருகன் படம். அதற்குக் கீழே வாடிப்போன எலுமிச்சம்பழம், மிளகாய். சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கிற பலகை. இஞ்சின் சூடு காலைச் சுட்டது. 2025 அக்டோபர் 1-ந்தேதி முதல் தயாராகும் பெரிய லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. இந்த லாரி அதற்கு முந்தியது. ஜன்னல்தான் ஏ.சி.!

“எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“காலைல 5 மணி. அனந்தப்பூர் பக்கம்.”

அந்த 5 மணியை நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

தொப்பூரில் பயம் இல்லை

தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய். சேலம் நோக்கி வருகிற வண்டிக்கு இறக்கம். பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகள் மீது லாரிகள் மோதிய கதைகள் இந்த இடத்துக்கு ஏராளம்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. அண்ணாச்சியோ கியரைக் குறைத்துப் போட்டுக்கொண்டு மாட்டு வண்டி மாதிரி இறக்கினார். பின்னால் வந்த பஸ் ஆரன் அடித்துத் தள்ளியது. அவர் காதில் வாங்கவே இல்லை.

அவர் கூறியதாவது:-

“தொப்பூர்ல எந்த டிரைவரும் தூங்கமாட்டான் தம்பி. பயம் இருக்குல்ல. பயம் இருக்கிற இடத்துல கண்ணு தானா முழிச்சுக்கிடும். பெஞ்ச் காட்டு ரோட்டுலயும் அப்படித்தான். புலி இருக்கிற காடு. ஆனா நம்ம ஊரு ரோடு இருக்கே, மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம்... அங்கிட்டுத்தான் ஆளைக் கவுத்திரும். இனி என்ன, வந்தாச்சேன்னு ஒரு நெனப்பு வரும் பாருங்க, அதான் எமன்.”

அவர் சொன்ன பெஞ்ச் காடு மத்தியப்பிரதேசத்தில் உள்ள சிவனிக்கும் மராட்டியத்தில் உள்ள நாக்பூருக்கும் நடுவே இருக்கிறது. அங்கே புலிகளும் மான்களும் அடிபடாமல் கடந்து போவதற்காக, ரோட்டையே பாலம் மாதிரி தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். மேலே லாரி போகும். கீழே புலி போகும்!

நாமக்கல்லில் பரோட்டா

ராத்திரி 8.30 மணிக்கு நாமக்கல். லாரிக்கு பாடி கட்டுகிற ஊர். லாரிக்காரர்களுக்கு மாமியார் வீடு மாதிரி. ரோட்டோர ஓட்டலில் இலை போட்டார்கள்.

பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே அண்ணாச்சி பழைய கதை சொன்னார். அவர் கிளீனராக இருந்த காலத்தில் இது 7-ம் நம்பர் ரோடு. வாரணாசியில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும். 2010-ம் ஆண்டு ரோடுகளுக்குப் புது நம்பர் போட்டார்கள். இப்போது 44. ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரி வரை வருகிறது. நாட்டிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை இதுதான்.

“அப்பல்லாம் ஒத்த ரோடு. எதிர்ல வண்டி வந்தா ஓரங்கட்டணும். மாநிலத்துக்கு மாநிலம் செக்போஸ்ட். பேப்பரைக் குடுத்துட்டு ஒரு நாள், ரெண்டு நாள் கெடப்போம்” என்றார்.

“பெரிய கொடுமைதான்” என்றேன்.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். “கொடுமைதான். ஆனா தூங்கிருவோம்ல!”

அந்த ஒரு பேச்சில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

2017 ஜூலை 1-ந்தேதி ஜி.எஸ்.டி. வந்தது. மாநில எல்லைகளில் இருந்த விற்பனை வரி செக்போஸ்ட்டுகள் போயின. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயம் ஆனது. டோல்கேட்டில் சில்லரை தேடி நிற்க வேண்டாம். ரோடும் நாலு வழி, ஆறு வழி ஆகிவிட்டது. எல்லாம் நல்ல காரியம்தான். லாரி எங்கும் நிற்க வேண்டாம்.

நிற்க வேண்டாம் என்றால் தூங்கவும் வேண்டாம் என்று ஆகிப்போனது! செக்போஸ்ட்டில் மிச்சமான நேரம் எல்லாம் லோடு சீக்கிரம் சேருவதற்குப் போய்விட்டது. டிரைவரின் தலையணைக்கு அதில் பத்து நிமிஷம்கூடப் போகவில்லை.

முன்பு நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர்கள் வேண்டும் என்று விதி இருந்தது. அந்த விதியும் 2018-ம் ஆண்டு நீக்கப்பட்டது. சம்பளம் ஒன்று மிச்சம். டிரைவர்கள் தூங்குகிற முறையும் போச்சு.

தண்ணி போடாமலே போதை

கரூரைத் தாண்டும்போது மணி ராத்திரி 10.30. என் நோட்டுக் கணக்குப்படி, அண்ணாச்சி கண் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது.

இந்த 17 மணிக்கு ஒரு அர்த்தம் உண்டு. 1997-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிலரைத் தூங்கவிடாமல் விழிக்க வைத்தார்கள். அதே ஆட்களுக்கு இன்னொரு நாள் சாராயம் கொடுத்தார்கள். இரண்டு நாளும் கையும் கண்ணும் எப்படி வேலை செய்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

17 மணி நேரம் விழித்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் ஏறியவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று தெரிந்தது. 24 மணி நேரம் விழித்தால் 0.10 சதவீதம்!

நம் நாட்டுச் சட்டப்படி, ரத்தத்தில் 0.03 சதவீதத்துக்கு மேல் சாராயம் இருந்தாலே வண்டி ஓட்டியது குற்றம். போலீசார் குழாயை வாயில் வைத்து ஊதச் சொல்கிறார்கள் அல்லவா? அந்தக் குழாய் தூக்கத்தைக் காட்டாது. ஒரு சொட்டு தண்ணி போடாத நல்ல மனுஷன், குடிகாரனைவிட மோசமாக ஓட்டிக்கொண்டு போவார். யாரும் பிடிக்கவும் முடியாது.

அண்ணாச்சிக்கு சீட்டி அடிக்கிற பழக்கம் உண்டு. கரூர் வரை சீட்டி இருந்தது. அரவக்குறிச்சி தாண்டியதும் நின்றுவிட்டது. கிளீனர் பையன் பலகையில் ஏறிப் படுத்துவிட்டான். திண்டுக்கல்லில் மணி 12.20. டீ குடித்தோம். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். மறுபடி கிளம்பினோம்.

அந்த நாலு நொடி

வாடிப்பட்டி, சமயநல்லூர் தாண்டியாயிற்று. மதுரை பைபாஸ். ரோட்டில் ஈ, காக்கா இல்லை. விளக்குக் கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

ஏதோ கேட்டேன். பதில் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சியின் கண் திறந்திருந்தது. பார்வை மட்டும் கண்ணாடியைத் தாண்டவில்லை. லாரி மெதுவாக, மிக மெதுவாக, இடது பக்கம் ஒதுங்கியது. முன்னால் ரோட்டோரம் ஒரு டிராக்டர் டிரெய்லர் நின்றது. அதற்குப் பின்விளக்கு கிடையாது.

“அண்ணாச்சி!” என்று கத்தினேன்.

படக்கென்று ஸ்டீயரிங்கை ஒடித்தார். டிரெய்லர் என் ஜன்னலுக்கு அருகே ஒரு கை தூரத்தில் பின்னால் போனது. பலகையில் இருந்த பையன் உருண்டு என் மடியில் விழுந்தான்.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நாலு நொடி இருக்கும். லாரி 60 கி.மீ. வேகத்தில் போனால், ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடும். நாலு நொடிக்குச் சுமார் 67 மீட்டர். ஆறு லாரிகளை வரிசையாக நிறுத்தி வைக்கலாம். அந்த தூரம் முழுக்க வண்டி தானாக ஓடியிருக்கிறது.

இது அண்ணாச்சியின் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ராத்திரி 2 மணியில் இருந்து விடிகிற வரை உடம்பே தன்னைத் தூக்கத்துக்குத் தயார் செய்துகொள்கிறது என்கிறார்கள் டாக்டர்கள். மனசு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மூளை சில நொடிகள் விளக்கை அணைத்துவிடும். அணைந்தது ஓட்டுகிறவருக்கே தெரியாது!

கப்பலூரில் இரண்டு ரோடு

கப்பலூர் வந்தது. இங்கே ரோடு பிரிகிறது. நேரே போனால் திருமங்கலம். அங்கிருந்து கல்லுப்பட்டி, அழகாபுரி, கிருஷ்ணன்கோவில் வழியாக மகாராஜபுரம். சுமார் 70 கி.மீ.தான். ரிங் ரோட்டில் இடது பக்கம் திரும்பினால் மண்டேலா நகர் போய் தூத்துக்குடி ரோடு. இன்னும் ஒரு 140 கி.மீ.

நேரே போனால் பேரன். இடது பக்கம் போனால் லோடு.

அண்ணாச்சி இரண்டு பக்கமும் போகவில்லை. ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக லாரியை ஒதுக்கி நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன். வண்டி எங்கே இருக்கிறது, காலை 6 மணிக்கு குடோன் வாசலில் நிற்க வேண்டாமா, முதல் வண்டியாக இறக்கினால்தானே அடுத்த லோடு பிடிக்கலாம் என்று சத்தம். எனக்கே கேட்டது.

அண்ணாச்சி பணிவாகத்தான் பேசினார். “இல்லங்கய்யா. மதுரைல நிக்கிறேன். கண்ணு இருட்டுது. ரெண்டு மணி நேரம் படுத்துட்டு எடுக்கிறேன்... ஆமாங்கய்யா, லேட்டாகும்... பேட்டாவுல பிடிச்சுக்கோங்கய்யா.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஆறு வருஷம் முந்தி, கூட ஓட்டுன ஒரு பையன். நம்ம பக்கத்து ஊருதான். அவனும் வடக்க இருந்துதான் வந்தான். வீட்டுக்குப் போன் போட்டு, ‘விடிய வந்துருவேன், தோசை ஊத்தி வை’ன்னு சொல்லியிருக்கான். சாத்தூர் தாண்டல. அவன் பொண்டாட்டி அன்னைக்கு மாவு ஆட்டி வச்சிருந்தா தம்பி.”

அதற்கு மேல் அவர் பேசவில்லை. பையனைக் கீழே இறக்கிவிட்டு, பலகையில் ஏறிப் படுத்தார். ஒரு நிமிஷத்தில் குறட்டை.

பையனும் நானும் கீழே துண்டை விரித்து உட்கார்ந்தோம். “மாமா இல்லேன்னா, எங்க அம்மாவுக்கு யாருண்ணே இருக்கா?” என்றான் அவன். கொசு பிடுங்கியது. எங்களைத் தாண்டி லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு டிரைவர். எத்தனை பேர் எத்தனை மணிக்கு எழுந்தார்களோ!

சட்டம் என்ன சொன்னது?

டிரைவர்கள் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் ஓட்ட வேண்டும் என்று 1961-ம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தார்கள். தொலைதூர வண்டி என்றால் 10 மணி நேரம் வரை போகலாம் என்று அதிலேயே சலுகையும் இருந்தது. பிறகு சட்டங்களின் பெயரும் நம்பரும் மாறியிருக்கின்றன. ரோட்டில் நடப்பது மாறவில்லை.

அண்ணாச்சி அன்று காலையில் இருந்து மதுரை வரை, சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால், 17 மணி நேரத்துக்கு மேல் ஸ்டீயரிங் பிடித்திருக்கிறார். வண்டி எங்கே போகிறது என்று முதலாளி போனிலேயே பார்க்கிறார். டோல்கேட் தாண்டியதும் குறுஞ்செய்தி போகிறது. அதே கருவியை வைத்து, ‘இந்த டிரைவர் எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறார்’ என்று கணக்குப் பார்க்க முடியாதா? முடியும். அந்தக் கணக்கைத்தான் யாரும் கேட்பதில்லை.

எண்ணெய் நிறுவனங்கள் சில பெட்ரோல் பங்க்குகளில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் டிரைவர்கள் படுக்கவும் குளிக்கவும் அறைகள் கட்டிக்கொடுத்திருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் படுக்கை இருந்தால் போதுமா? படுக்க நேரமும் கொடுக்க வேண்டும்.

2022-ம் ஆண்டு நாடு முழுவதும் 4 லட்சத்து 61 ஆயிரத்து 312 சாலை விபத்துகள் நடந்தன. இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். விபத்து எண்ணிக்கையில் முதல் இடம் நம் தமிழ்நாட்டுக்குத்தான். 64 ஆயிரத்து 105 விபத்துகள். பலி 17 ஆயிரத்து 884.

இதில் தூக்கத்தால் எத்தனை? நான் பார்த்த எப்.ஐ.ஆர்.களில் எல்லாம் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்றுதான் எழுதியிருக்கும். செத்துப்போன டிரைவரை எழுப்பி, ‘நீ தூங்கினாயா?’ என்று யார் கேட்பது?

உப்பளத்தில் விடிந்தது

5 மணிக்கு அண்ணாச்சி தானாக எழுந்தார். பல் விளக்கி, டீ குடித்து, முருகனுக்கு ஒரு ஊதுபத்தி. ஸ்டீயரிங்கில் உட்கார்ந்ததும் சீட்டி மறுபடி வந்தது!

எலியார்பத்தி டோல்கேட். அருப்புக்கோட்டையில் பொழுது விடிந்தது. பந்தல்குடி. பிறகு பாரதியார் பிறந்த எட்டயபுரம். இருபுறமும் கரிசல் காடு. கருவேல மரத்தைத் தவிர நிழல் இல்லை.

புதூர் பாண்டியாபுரம் டோல்கேட் தாண்டியதும் காற்று மாறியது. உடம்பில் பிசுபிசுப்பு. உதட்டை நக்கினால் உப்புக் கரித்தது. பாத்தி பாத்தியாக உப்பளம். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். கண் கூசியது.

“மாமா, கடல் வாடை!” என்று பையன் கத்தினான். பஞ்சாப்பில் குளித்ததோடு சரி, இனி தூத்துக்குடியில்தான் குளியல் என்று அவன் சபதம் போட்டிருந்தானாம்.

1974-ம் ஆண்டு பெரிய துறைமுகம் என்று அந்தஸ்து பெற்ற ஊர் தூத்துக்குடி. இப்போது அந்தத் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக ஊர்ந்தன. நாடு முழுவதும் இருந்து வருகிற லாரிகளுக்கு இங்கேதான் ரோடு முடிகிறது. அதற்கு மேல் தண்ணீர்.

குடோன் வாசலுக்கு வரும்போது மணி 8.25. முன்னால் ஏழு லாரிகள் நின்றன. 6 மணிக்கு வந்திருந்தால் முதல் வண்டி. இப்போது எட்டாவது வண்டி!

3 ஆயிரம் கி.மீ. ஓடி வந்த பயணம் எப்படி முடிந்தது தெரியுமா? மேளம் கிடையாது. மாலை கிடையாது. வாட்ச்மேன் வந்து, “ஓரமா நிறுத்துப்பா, வழியை மறைக்காதே” என்றார். அவ்வளவுதான்.

அண்ணாச்சி இறங்கி, பின்சக்கரத்தைத் தொட்டு கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மகளுக்குப் போன் போட்டார்.

“அம்மாடி... வந்துட்டேன். ஆமா, தூத்துக்குடி. இல்லடா, முகூர்த்தத்துக்கு வர முடியாது. நீங்க ஆரம்பிங்க... தாத்தா சாயந்தரம் வந்து பார்ப்பாருன்னு சொல்லு.”

அந்தப் பக்கம் மேளச் சத்தம். ஒரு குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது. காது குத்தியாகிவிட்டது!

மகாராஜபுரத்தில்...

லோடு இறங்கி முடிய பகல் 2.30 மணி. லாரியை ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்திவிட்டு, வத்திராயிருப்பு வழியாக ஊர் வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். கையில் அரைக் கிலோ பால்கோவா. நானும் கூடப் போனேன்.

வீட்டு வாசலில் வாழைமரம் சாய்ந்து கிடந்தது. பந்தியில் மிச்சம் இருந்ததை எங்களுக்கு இலையில் போட்டார்கள். அண்ணாச்சியின் வீட்டம்மா, “இத்தன வருஷத்துல எந்த விசேஷத்துக்கு இந்த மனுஷன் நேரத்துக்கு வந்தாரு?” என்று சண்டைக்கு நின்றார். மதுரையில் நடந்ததை நான் சொன்னேன். அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் திருநீறு. பேசாமல் அவர் நெற்றியில் பூசினார்.

மொட்டைத் தலையும் புதுக் கம்மலுமாக இருந்த பேரன், தாத்தாவின் மீசையைப் பிடித்து இழுத்தான்.

நீங்களும் டிரைவர்தான்!

இது லாரிக்காரர் கதை, நமக்கு என்ன என்று நினைக்காதீர்கள்.

கல்யாணம் முடித்து ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்புகிற வேன். சபரிமலை போய்விட்டு, ‘காலையில் கடையைத் திறக்கணும்’ என்று ஓட்டி வருகிற கார். ‘காஷ்மீர் போய்ட்டு வந்தோம்’ என்று மோட்டார் சைக்கிளில் திரும்புகிற இளவட்டங்கள். பகல் முழுக்க ஆபீசில் இருந்துவிட்டு, ராத்திரி சொந்த ஊருக்குக் கார் ஓட்டுகிற குமாஸ்தா. எல்லோருக்கும் அந்தக் கடைசி 100 கி.மீ. உண்டு.

கொட்டாவி நிற்கவில்லையா? கடந்த கிலோமீட்டர் கல் ஞாபகம் இல்லையா? வண்டி கோட்டைத் தாண்டித் தாண்டிப் போகிறதா? தூக்கம் ஏற்கெனவே வண்டியில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

டீயும் பாட்டும் முகம் கழுவலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். விளக்கு வெளிச்சம் உள்ள இடத்தில், ரோட்டை விட்டு நன்றாக ஒதுக்கி நிறுத்தி, 20 நிமிஷமாவது கண்ணை மூடுங்கள். முடிந்தால் விடிய விடியத் தூங்குங்கள். டிரைவர் வைத்துப் போகிறவர்கள், அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்கும் ஒரு பாய் கொடுங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. ஆம்புலன்சுக்கு 108. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் தொல்லை வரும் என்ற பயம் வேண்டாம். உதவி செய்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2016-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2019-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது சேர்க்கப்பட்டுவிட்டது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

மறுநாள் காலை நான் பஸ் ஏறும்போது அண்ணாச்சி திண்ணையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் போன் தலைமாட்டில் அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளி நம்பர். அடுத்த லோடு.

அவர் வீட்டம்மா அதை எடுத்து, அணைத்து, அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.